சக்கரத்துக்கு அடியில் என்ன மண்?
வாசகர் கேள்வி – பதில்: பிரான்சின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மவுண்டன் பைக்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரான்சின் மசிஃப் சென்ட்ரால் மலைத்தொகுதியைப் பற்றியவை. டயர் கிழிந்தது, பிரேக் தேய்ந்தது, தண்ணீர் தீர்ந்தது என்று ஆளுக்கொரு குறை எழுதியிருக்கிறார்கள். முக்கால்வாசிக்கும் மூலம் ஒன்றுதான். எந்தப் பாறையின் மேல் ஓட்டப்போகிறோம், எவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கு என்று பார்க்காமல் கிலோமீட்டரை மட்டும் எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

கேள்வி: தார்ச் சாலையில் ஒரு நாளைக்கு 90 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டுவேன். அக்டோபர் நடுவில் ஒரு வாரம் லீவு இருக்கிறது. செவென் மலைகளையும் கோஸ் மேட்டுநிலங்களையும் கடந்து போகலாம் என்று ஆசை. நாளுக்கு 70 கி.மீ., சுமார் 2,000 மீட்டர் ஏற்றம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிவருமா? – லியோன் வாசகர்

பதில்: சரிவராது. 40 கி.மீ.க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பையோடு மண்பாதையில் போகும்போது சமதளத்தில் மணிக்கு 12 கி.மீ. கிடைத்தால் நல்ல வேகம். ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 12 நிமிடம் கூட்டுங்கள். உங்கள் திட்டப்படி 70 கி.மீ.க்கு 5 மணி 50 நிமிடம், 2,000 மீட்டர் ஏற்றத்துக்கு 4 மணி நேரம். சாப்பாடு, வேலிக் கதவுகள், வழி பார்ப்பது, ஒரு பஞ்சர் என்று கால் பங்கைச் சேர்த்தால் 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அக்டோபர் நடுவில் அங்கே பகலே 11 மணி நேரம்தான். 42 கி.மீ., 1,200 மீட்டர் என்று வைத்தால் ஏழரை மணி நேரத்தில் முடியும், வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் போய்ச் சேரலாம்.

ஏற்றம் ஏன் இவ்வளவு சேருகிறது என்றால், இங்கே ஆறு நிலத்தை வெட்டியிருக்கும் ஆழம் அப்படி. தார்ன், ஜோன்த் என்ற இரண்டு ஆறுகளும் சேரும் லெ ரோசியே கிராமம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே தெரியும் கோஸ் மெஜோன் மேட்டுநிலமோ 800 முதல் 1,250 மீட்டர் வரை. வரைபடத்தில் விரல் நீளம்கூட இல்லாத தூரம், காலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை. மேலே ஏறி, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறினால் நாள் முடிந்தது.

தண்ணீர்தான் இன்னும் பெரிய விஷயம். கோஸ் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை விரிசல்கள் வழியே உள்ளே போய், நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவருகிறது. மேலே ஓடையும் கிடையாது, கிணறும் அரிது. வழியில் வட்டமாகக் கல் பதித்த ஒரு குட்டை கண்ணில் படும். அதற்கு லவோஞ் என்று பெயர். ஆடுகள் குடிக்க மழைநீரைத் தேக்கிவைப்பது, மனிதர் குடிக்க உதவாது. பள்ளத்தாக்கை விட்டு ஏறும் முன் 3 லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். கிராமங்களில் பொதுக்குழாய் காணவில்லை என்றால் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தேடுங்கள், அநேகமாக ஒரு குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

சின்ன ஊர்க் கடைகள் மதியம் 12.30க்குள் மூடி 3 மணிக்குமேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் ஒன்றுமே இருக்காது. வழிப்பயணிகள் தங்கும் ஜித் தெத்தாப் விடுதிகளில் இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

முழு நெடும்பாதையையும் என்றாவது ஒருநாள் முடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், அவலோனில் தொடங்கி மத்தியதரைக் கடற்கரையில் காப் தாக்த் வரை போகும் ‘கிரான்ட் திராவெர்சே து மசிஃப் சென்ட்ரால்’ சுமார் 1,380 கி.மீ. நாளுக்கு 40 கி.மீ. என்ற கணக்கில் ஐந்து வாரம். ஒரு வார லீவில் அதன் ஒரு துண்டை நிதானமாகப் பார்ப்பதே மேல்.

கேள்வி: டியூப்லெஸ் டயர், 29 அங்குலம், 2.4 அகலம். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தைச் சக்கரத்துக்கு 60 மி.லி. விட்டிருந்தேன். காற்று முன்னும் பின்னும் 1.4 பார். கோஸில் ஒரே நாளில் இரண்டு முறை டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. பிளக் எனும் ரப்பர்த் திரியைச் செருகியும் நிற்கவில்லை. டயரே மட்டமானதா? என் எடை 72 கிலோ. – மோன்பெலியே வாசகர்

பதில்: டயரைக் குற்றம் சொல்லும் முன் காற்றைப் பார்ப்போம். முன்சக்கரத்துக்கு 1.4 பார் ஏறக்குறைய சரிதான். பின்சக்கரத்தில் உங்கள் எடையும் பையின் எடையும் சேர்ந்து இறங்குகின்றன. அங்கே 1.4 என்றால், கல்லில் இடிக்கும்போது டயர் முழுதாக அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்குகிறது. கிழிசலை விரித்துப் பாருங்கள். ரிம்மை ஒட்டி, குறுகலான வெட்டாக இருந்தால் அது நசுங்கிய வெட்டு. சுவரின் நடுவில், நார்கள் பிய்ந்து நீளமாக இருந்தால் கல்லின் விளிம்பு அறுத்தது. முதலாவதற்கு மருந்து காற்று, இரண்டாவதற்கு மருந்து தடித்த சுவர்.

கோஸின் கல் தட்டுத்தட்டாக உடையும் வகை. உடைந்த விளிம்பு ஓட்டுச் சில்லுபோல் கூராக இருக்கும். ஆற்றங்கரையில் கிடக்கும் உருண்டைக் கூழாங்கல்லுக்குச் சரியாக இருந்த டயர் இங்கே தாங்காது. முன்னால் 1.5, பின்னால் 1.8 பார் வையுங்கள். பக்கச்சுவர் வலுவூட்டிய டயரைப் பின்சக்கரத்துக்காவது போடுங்கள். 150 முதல் 200 கிராம் கூடும், கூடட்டும். சீலன்ட் 60 மி.லி. போதாது. இந்த அளவு டயருக்கு 90 முதல் 100 மி.லி. வேண்டும், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வறண்ட வெயிலில் அது உள்ளேயே ரப்பர்த் தோலாக உறைந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சளசளவென்ற சத்தம் கேட்க வேண்டும்.

பிளக் என்பது தரையைத் தொடும் தடித்த பகுதிக்கானது. அங்கே 5 மி.மீ. ஓட்டை வரை அடைத்துவிடும். பக்கச்சுவர் மெல்லியது, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், அதனால் பிளக் வழுக்கி வெளியே வந்துவிடும். அங்கே டியூப் போடுவதே வழி. இந்த வரிசையில் செய்யுங்கள்: டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள், டியூப்லெஸ் வால்வை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், உள்சுவர் முழுவதையும் விரலால் மெல்லத் தடவுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த பழைய முட்கள் நாலைந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் டியூபைப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். பிறகு கிழிசலின் உட்பக்கம் பழைய டயரிலிருந்து வெட்டிய 5 × 3 செ.மீ. துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் அரைவாசி காற்றடித்த டியூபை வையுங்கள். துண்டு இல்லாமல் டியூப் மட்டும் போட்டால், அது கிழிசல் வழியே குமிழாகப் பிதுங்கி வெடிக்கும். வீடு சேர 1.8 பார் போதும், ஆனால் அந்த டயரின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

முள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மோர்வான், நோர்மண்டியிலுள்ள சுவிஸ் நோர்மான்த் போன்ற வேலிச்செடிப் பகுதிகளில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் விவசாயிகள் வேலியை எந்திரத்தால் வெட்டுவார்கள். அதில் புருனெலியே என்ற கருமுட்செடி இருந்தால், இரண்டு மூன்று செ.மீ. நீள முட்கள் பாதை நெடுகக் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலியோரம் நூறு மீட்டராவது இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அவமானமில்லை.

கேள்வி: மோர்வான் காட்டில் மழையில் ஒரே நாள் ஓட்டியதில் புது பிரேக் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்துவிட்டது. இறக்கத்தில் லீவர் கைப்பிடியைத் தொட்டது. இது எப்படிச் சாத்தியம்? – திஜோன் வாசகர்

பதில்: மோர்வானில் சாத்தியம்தான். அங்கே அடிப்பாறை பெரும்பாலும் கிரானைட். அது மக்கி உதிர்ந்தால் சர்க்கரைப் பருமனில் மணலாகிறது. அதில் குவார்ட்ஸ் துகள் நிறைய, அது இரும்பைவிடக் கடினம். மழையில் சக்கரம் அந்தச் சேற்றை வாரி, பேட் பிடிக்கும் வட்டத்தகடான டிஸ்க்கின் மேல் வீச, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதையாகிறது. சுண்ணாம்பு நாட்டில் சேறு வழுக்கும், ஒட்டும், ஆனால் இந்த வேகத்தில் தின்னாது.

நீங்கள் போட்டிருந்தது ரெசின் பேடாக இருக்கும். அமைதியானது, பிடிப்பு நல்லது, ஆனால் ஈர மணலுக்கு ஆகாது. உலோகத்தூளைச் சுட்டு இறுக்கிய சின்டர்டு பேடுக்கு மாறுங்கள். மாற்றும் முன் டிஸ்க்கில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்றிருந்தால் அந்த டிஸ்க் மென்மையானது, சின்டர்டு பேட் அதைத் தின்றுவிடும், டிஸ்க்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கின் தடிமன் எவ்வளவு வரை குறையலாம் என்பதும் அதிலேயே இருக்கும். பல டிஸ்க்குகளில் 1.5 மி.மீ.

வழியில் பேடை மாற்றும் முறை: சக்கரத்தைக் கழற்றி, பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் டயர் லீவரால், பேடைத் தள்ளும் பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பேட் தேயத்தேய பிஸ்டன் முன்னுக்கு வந்திருக்கும், தள்ளாவிட்டால் புதுப் பேடுக்கு இடம் இருக்காது. பேடைப் பிடித்திருக்கும் ஊசியைக் கழற்றி, பேட் மாற்றி, ஊசியைத் திரும்பப் போட்டு முனையை மடக்குங்கள். சக்கரத்தை மாட்டிய பிறகு லீவரை ஏழெட்டு முறை அமுக்கினால் இறுக்கம் திரும்பும். சக்கரம் இல்லாதபோது மட்டும் லீவரைத் தொடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

புதுப் பேட் உடனே பிடிக்காது. மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறை குறைத்துப் பழக்குங்கள். சக்கரம் பூட்டக்கூடாது, முழுதாக நிற்கவும் கூடாது. இந்தப் பத்து நிமிடத்தைச் சேமித்துவிட்டு நேரே செங்குத்து இறக்கத்தில் இறங்குபவர்களுக்குத்தான் பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்து, கீச்சிட்டு, நிற்காமல் போகிறது. பேடின் உராயும் பகுதி 1 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள். மழை அறிவிப்பு இருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கேள்வி: மரத்தில் சிவப்பு–வெள்ளைக் கோடு, வேறு இடத்தில் முக்கோணமும் இரண்டு வட்டமும். எதைப் பின்பற்றுவது? சிவப்பு–வெள்ளைப் பாதையில் சைக்கிள் ஓட்டினால் அபராதமா? – பாரிஸ் புறநகர் வாசகர்

பதில்: முக்கோணமும் இரண்டு வட்டமும்தான் நமக்கான அடையாளம். பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனம் குறித்த வே.தே.தே. (மவுண்டன் பைக்) சுற்றுகள் அவை. முக்கோணம் காட்டும் பக்கம் போக வேண்டும். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். நீலத்தில் தடுமாறினால் அன்று சிவப்பைத் தொடாதீர்கள், நடுவில் பெரிய தாவல் இருக்கிறது.

சிவப்பு–வெள்ளைக் கோடு ஜே.எர். எனப்படும் நெடுந்தூர நடைபாதைகளுக்கு. அந்தக் கோடு சைக்கிளை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நடப்பவருக்கு வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். தடை இருந்தால் பாதை முகப்பில் சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டத்தில் சைக்கிள் படமோ, ஊராட்சி மன்ற ஆணையோ இருக்கும். ஆனால் ஜே.எர். பாதைகளில் படிக்கட்டும் பாறை ஏற்றமும் சாதாரணம். சைக்கிளைத் தோளில் சுமக்கும் நாளாகிவிடும். நடப்பவர் எதிரே வந்தால் அவருக்கே முதல் உரிமை.

லோத் ஆற்றில் பூசியேஸிலிருந்து சேன்-சிர்-லபோப்பி பக்கம் போகும் பழைய படகிழு பாதையைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆற்றையொட்டிய செங்குத்துப் பாறையின் அடியைக் குடைந்து, படகை இழுக்கும் ஆட்களும் விலங்குகளும் நடப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் வெட்டியது. தலைக்கு மேலே பாறைக்கூரை, ஒரு பக்கம் தண்ணீர். கோடையில் நடப்பவர் கூட்டம் நெரியும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அந்தப் பாறையில் உளி பட்ட வரிகளை நின்று பார்க்காமல் கடப்பதுதான் நஷ்டம்.

காட்டுக்குள் தடம் விட்டு மரங்களுக்கு நடுவே புகுவது கூடாது. பிரான்சின் காடுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு தனியாருடையது. கண்ணுக்குக் காடாகத் தெரிவது யாரோ ஒருவரின் சொத்து. திறந்து போகும் வேலிக் கதவைத் திரும்ப மூடுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலம் இல்லாத இடத்தில் ஆற்றைக் கடக்கலாமா? வெயில் அடிக்கும் நாளிலும் ஆற்றங்கரையில் ‘தண்ணீர் திடீரென உயரும்’ என்று மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்களே, ஏன்? – துலூஸ் வாசகர்

பதில்: அந்தப் பலகையை அப்படியே நம்புங்கள். மேலே நீர்மின் அணை இருக்கிறது என்று அர்த்தம். தோர்தோஞ் ஆற்றின் மேற்பகுதியில் மட்டும் போர்-லெ-ஓர்க், மரேஜ், லேகில், ஷஸ்தான், சாப்லியே என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. மின்சாரத் தேவை கூடும் நேரத்தில் டர்பைனைத் திறந்தால் கீழே சில நிமிடங்களில் மட்டம் ஏறும். வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரளைத் திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது, நடுத்திட்டில் கூடாரம் போடுவது இரண்டும் வேண்டாம்.

செவென் பக்கம் வேறு ஆபத்து. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதி, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மாலையில் மரத்தை அடித்துக்கொண்டு போகும். பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தியோ-ஃபிரான்சின் விஜிலான்ஸ் (எச்சரிக்கை) வரைபடத்தில் அந்த மாவட்டத்துக்கு மழை–வெள்ளத்துக்காக ஆரஞ்சு நிறம் போட்டிருந்தால் பள்ளத்தாக்குப் பாதையை அன்று விட்டுவிடுங்கள். மஞ்சள் என்றால் ஓடை கடக்காத வழியைத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற நாட்களில் ஓடையைக் கடக்க அளவுகோல் உங்கள் முழங்கால். அதற்கு மேல் ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்குக் கீழே இருந்து, அடியும் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே ஓட்டிக் கடக்கலாம். இல்லையென்றால் இறங்கி, பையின் மார்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, சைக்கிளை நீரோட்டம் போகும் பக்கமாக வைத்துக்கொண்டு நடங்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் தண்ணீர் அதைத் தூக்கி உங்கள் கால்மேல் சாய்க்கும். செருப்பைக் கழற்றாதீர்கள், அடிக்கல்லில் படிந்த பாசி எண்ணெய்போல் வழுக்கும்.

கரையேறியதும் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தியபடி ஐம்பது மீட்டர் ஓட்டிக் காயவையுங்கள். அச்சுகள் மூழ்கியிருந்தால், மாலையில் சீட் கம்பை உருவிவிட்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். சைக்கிளின் சட்டகத்துக்குள் புகுந்த நீர் அப்படித்தான் வெளியே வரும். செயினைத் துடைத்துக் காயவைத்த பிறகே எண்ணெய்.

கேள்வி: வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் போகலாமா? – ஸ்த்ராஸ்பூர் வாசகர்

பதில்: போகலாம். பொதுவாக செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை வேட்டைக் காலம். ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) பலகை கண்டால் அந்தத் தடத்தை விட்டு வேறு வழி பிடியுங்கள். ஆரஞ்சு ஃப்ளோரசென்ட் மேலங்கி அணியுங்கள், காக்கியும் பழுப்பும் வேண்டாம். துப்பாக்கியோடு நிற்பவரைக் கண்டால் தூரத்திலேயே குரல் கொடுத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள்.

கேள்வி: ஆட்டுமந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய் துரத்துமாமே? – கிரெனோபிள் வாசகர்

பதில்: ‘பத்தூ’ எனப்படும் பிரெனே மலைநாய் அது. துரத்துவது கடிக்க அல்ல, மந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்க. வேகமாக வரும் சைக்கிள் அதன் கண்ணுக்கு ஓநாயின் பாய்ச்சல் மாதிரிதான். மந்தை தெரிந்ததுமே இறங்கிவிடுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் இடையில் பிடித்து, அகலமாகச் சுற்றி நடங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போகலாம். கல் எடுப்பது, கத்துவது, மிரட்டுவது எல்லாம் அதை மேலும் சூடாக்கும். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும்வரை பொறுங்கள். மந்தையைத் தாண்டி நூறு மீட்டர் போன பிறகு ஏறிக்கொள்ளலாம்.

கேள்வி: உண்ணி கடித்தால் எண்ணெய் தடவலாமா? – ரென் வாசகர்

பதில்: வேண்டாம். நெருப்பும் வேண்டாம். மருந்துக்கடைகளில் ‘தீர்-தீக்’ என்ற சிறு கொக்கி கிடைக்கும். தோலை ஒட்டி அதை நுழைத்து, மெல்லச் சுழற்றினால் தலையோடு வந்துவிடும். பிறகு கிருமிநாசினி. கடித்த தேதியைக் குறித்துவைத்து ஒரு மாதம் அந்த இடத்தைப் பாருங்கள். வட்டமாகப் பரவும் சிவப்பு தெரிந்தால் அது லைம் நோயின் தொடக்கம், உடனே மருத்துவரிடம் போங்கள். சரியான நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும். முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டைக்கோடு – மாலையில் குளிக்கும்போது இந்த மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கண்ணைவிட விரல் முந்திக் கண்டுபிடிக்கும்.